மேனுவல் லென்ஸுக்கு ஃபிலிம் பாடி தேடுகிறீர்களா? முதலில் மீட்டரைப் பாருங்கள்

ஃபிலிம் கேமரா பழுது பார்க்கும் எங்களிடம் அடிக்கடி வரும் புகார், "மீட்டர் செத்துப் போச்சு" என்பது. திறந்து பார்த்தால் பல சமயம் ஒரு கோளாறும் இருக்காது. பழைய மேனுவல் லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டியிருப்பார்கள். அந்த பாடிக்கு (லென்ஸ் நீங்கலான கேமராவுக்கு) அப்படிப்பட்ட லென்ஸோடு ஒளியை அளக்கவே வழி கிடையாது. வாங்கும்போது "அடாப்டர் கிடைக்குமா" என்று மட்டும் விசாரித்திருப்பார்கள். மாட்டிய பிறகு மீட்டர் வேலை செய்யுமா என்று கேட்டிருக்க மாட்டார்கள். ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் தப்பு தெரியும் என்பதால், ஒரு ரோல் முழுக்க வீணாகிவிடும்.

அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துவாரம்) முழுதாகத் திறந்திருக்கும்போதே ஒளியை அளக்கிற பாடிக்கு, படம் பதிவாகும் நேரத்தில் அது எஃப்/8க்குச் சுருங்குமா எஃப்/11க்கா என்ற தகவல் வேண்டும். லென்ஸில் உள்ள நெம்புகோலோ மின்தொடர்போ அதைச் சொல்லும். அடாப்டர் போட்டதும் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. பிறகு ஒரே வழி, நாமே ரிங்கைத் திருப்பி அப்பர்ச்சரைச் சுருக்கி, உள்ளே வருகிற ஒளியை அப்படியே அளப்பது. ஸ்டாப் டவுன் மீட்டரிங் என்பது இதுதான். இதில் பாடிக்கு எஃப் எண் தெரிய வேண்டியதில்லை. வந்த ஒளிக்கு ஏற்ற ஷட்டர் வேகத்தை அது தேர்ந்தெடுத்தால் போதும். ஆகவே அப்பர்ச்சர் பிரியாரிட்டி உள்ள, முன்பின் தெரியாத லென்ஸைக் கண்டு முரண்டு பிடிக்காத பாடியைத் தேட வேண்டும்.

என் முதல் பரிந்துரை கேனான் ஈஓஎஸ் ஃபிலிம் பாடிகள். மவுண்டிலிருந்து (லென்ஸ் மாட்டும் வாயிலிருந்து) ஃபிலிம் வரை அவற்றில் 44 மி.மீ. தூரம். எம்42 (பழைய திருகு மவுண்ட்) லென்ஸுக்குத் தேவை 45.46, ஒலிம்பஸ் ஓஎம்முக்கு 46, நிக்கான் எஃப்புக்கு 46.5. மிச்ச இடைவெளியை அடாப்டரின் தடிமன் நிரப்பிவிடுவதால் இன்ஃபினிட்டி ஃபோகஸ் (வெகு தூரத்தில் இருப்பது தெளிவாக விழுவது) கெடாது. அப்பர்ச்சர் எண் வர வேண்டிய இடத்தில் 00 என்று காட்டும்; பயப்பட வேண்டாம், ஏவி (அப்பர்ச்சர் பிரியாரிட்டி) மோடில் மீட்டர் வேலை செய்யும். கேனானின் சொந்த எஃப்டி லென்ஸ்தான் இங்கே மாட்டாது. அதற்கு 42 மி.மீ. தூரம் வேண்டும்; நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் போட்டால்தான் இன்ஃபினிட்டி வரும். அந்தக் கண்ணாடி நல்ல லென்ஸையும் மட்டமாக்கிவிடுகிறது. நான் பரிந்துரைப்பதில்லை.

நிக்கான் பாடியில் அந்தத் தூரம் 46.5 என்பதால் வேறு கம்பெனி லென்ஸ்களுக்கு அது தோதுப்படாது. நிக்கானின் சொந்த ஏஐ (1977 முதல் வந்த வகை) லென்ஸுக்கே பாடியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எஃப்65, எஃப்75, எஃப்80 மூன்றிலும் லென்ஸ் அழகாக மாட்டும், மீட்டர் மட்டும் வேலை செய்யாது. எஃப்90, எஃப்100, எஃப்5 அளக்கும். 1977க்கு முந்தைய, ஏஐயாக மாற்றம் செய்யப்படாத லென்ஸ்களை எஃப்எம்2 போன்ற பாடிகளில் தயவுசெய்து திணிக்காதீர்கள். மவுண்ட் ஓரத்தில் உள்ள சின்ன நாக்கு உடைந்துவிடும். எஃப்எம், எஃப்இ, எஃப்3 ஆகியவற்றில் அந்த நாக்கை மடக்கி வைத்துவிட்டு ஸ்டாப் டவுனில் அளக்கலாம்.

எம்42 லென்ஸ் மட்டும்தான் உங்களிடம் இருக்கிறது என்றால் பென்டாக்ஸ் கே மவுண்ட் நல்ல வழி. இரண்டுக்கும் ஒரே 45.46 மி.மீ. மவுண்டுக்குள்ளேயே அமிழ்ந்துவிடும் மெல்லிய வளையமாகப் பார்த்து வாங்குங்கள். விளிம்பு வைத்த வளையம் லென்ஸை முன்னே தள்ளி இன்ஃபினிட்டியைக் கெடுக்கும். ஆனால் மெல்லிய வளையம் லென்ஸின் பின்புறம் உள்ள, அப்பர்ச்சரைச் சுருக்கும் சின்ன ஊசியை (பின்) அழுத்தாது. ஆட்டோ, மேனுவல் சுவிட்ச் இல்லாத லென்ஸாக இருந்தால் நீங்கள் ரிங்கை எவ்வளவு திருப்பினாலும் அப்பர்ச்சர் திறந்தே கிடக்கும்.

இதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. சீரான வெளிச்சம் விழும் வெறும் சுவரைப் பார்த்து கேமராவை அசையாமல் வையுங்கள். எஃப்/5.6இல் ஷட்டர் வேகம் 1/500 காட்டினால், எஃப்/8இல் 1/250, எஃப்/11இல் 1/125 காட்ட வேண்டும். எண் நகரவே இல்லை என்றால் பின் அழுந்தவில்லை. நகர்கிறது, ஆனால் கணக்கு உதைக்கிறது என்றால் பாடிக்கும் லென்ஸுக்கும் ஒத்துப்போகவில்லை. எந்த ஸ்டாப்பில் எவ்வளவு விலகல் என்று குறித்து வைத்துக்கொண்டால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் (மீட்டர் சொல்வதைக் கூட்டிக் குறைக்கும் வசதியில்) சரிக்கட்டலாம். நெகடிவ் ஃபிலிம் ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு) அதிக ஒளியைப் பொறுத்துக்கொள்ளும். ஸ்லைடு பொறுக்காது.

இந்த விலகலுக்குப் பெரும்பாலும் ஃபோகஸிங் ஸ்கிரீனே (வ்யூஃபைண்டரில் நாம் பார்க்கும் பிம்பம் விழும் திரை) காரணம். ஆட்டோஃபோகஸ் பாடிகளின் ஸ்கிரீன், இருட்டான ஜூம் லென்ஸிலும் பளிச்சென்று தெரிவதற்காகச் செய்யப்பட்டது. எஃப்/1.4 லென்ஸின் உண்மையான டெப்த் (ஃபோகஸில் இருக்கும் ஆழம்) அதில் தெரியாது. கண்ணுக்குக் கூர்மையாகப் பட்டது படத்தில் மங்கியிருக்கும். மேனுவல் லென்ஸ்தான் உங்கள் பிரதான வேலை என்றால், ஸ்கிரீனை மாற்றிக்கொள்ளக்கூடிய பாடிக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பதில் தப்பில்லை. இன்னொன்று: எஃப்/16க்குச் சுருக்கும்போது வ்யூஃபைண்டர் வழியாகப் பின்னாலிருந்து நுழையும் வெளிச்சமும் மீட்டரை ஏமாற்றும். ட்ரைபாடில் வைத்து எடுக்கும்போது ஐபீஸைக் கையால் மறைத்துக்கொண்டு அளந்து பாருங்கள், எண் மாறுவது தெரியும்.

சிப் ஒட்டிய (கேமராவுக்கு லென்ஸ் தகவல் சொல்லும்) அடாப்டரை ஈஓஎஸ்ஸில் போடுபவர்கள், கேமராவில் அந்தச் சிப் காட்டும் மிகப் பெரிய அப்பர்ச்சரையே வைத்திருக்க வேண்டும். சிறியதை வைத்தால் லென்ஸ் இனிமேல்தான் சுருங்கப்போகிறது என்று கேமரா நினைத்துக்கொண்டு, அதிக ஒளி விழும்படி ஷட்டர் வேகத்தைக் குறைத்துவிடும்.

வாங்கப் போகும்போது லென்ஸையும் அடாப்டரையும் கையோடு கொண்டுபோங்கள். சுவர்ச் சோதனை முடிந்ததும் லென்ஸை இன்ஃபினிட்டியில் வைத்து, ஃபிலிம் இல்லாமல் ஒரு தடவை ஷட்டரை அழுத்துங்கள். சில லென்ஸ்களின் பின்பக்கக் கண்ணாடி அந்த நிலையில் உள்ளே நீண்டு மிரரைத் தட்டும். அழுத்திய பிறகும் வ்யூஃபைண்டர் இருட்டாகவே இருந்தால் மிரர் சிக்கியிருக்கிறது. லென்ஸை வலுக்கட்டாயமாகக் கழற்றாமல், ஃபோகஸ் ரிங்கைக் கிட்டத்துக்குத் திருப்புங்கள். கண்ணாடி முன்னே வந்ததும் மிரர் விடுபடும். அந்த லென்ஸுக்கு வேறு பாடி பாருங்கள்.