கம்யூனிட்டி காலேஜ்: எந்தச் சமூகத்தின் கல்லூரி?

தமிழ்நாட்டில் ‘கம்யூனிட்டி’ என்றதும் தாலுகா அலுவலகம்தான் நினைவுக்கு வரும். கம்யூனிட்டி சர்டிபிகேட் என்றால் சாதிச் சான்றிதழ். இந்தக் காதோடு இருக்கும் ஒருவரிடம், ‘பேரன் அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் படிக்கிறான்’ என்று சொன்னால், ‘எந்தச் சமூகத்தார் நடத்துவது?’ என்று கேட்கத்தான் செய்வார். நம் ஊரில் அப்படிப்பட்ட கல்லூரிகள் உண்டு என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் ‘கொம்யூனிஸ்’. பொருள்: பொது. இந்தக் கல்லூரியின் பெயரில் வரும் கம்யூனிட்டி, சுற்றுவட்டாரத்தில் குடியிருக்கும் எல்லோரையும் குறிக்கிறது. இன்னார் என்ற பிரிவு அதில் இல்லை.

இந்த வகைக் கல்லூரி பிறந்தபோது அதற்குப் பெயர் ‘ஜூனியர் காலேஜ்’. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901இல் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆறு மாணவர்களோடு தொடங்கிய கல்லூரி இன்றும் அந்தப் பழைய பெயரை விடவில்லை. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947இல் தந்த அறிக்கைக்குப் பிறகுதான் கம்யூனிட்டி காலேஜ் என்ற பெயர் பரவியது. இரண்டாண்டுப் படிப்பு, அசோசியேட் பட்டம், குறைந்த கட்டணம். விரும்பினால் மீதி இரண்டாண்டைப் பல்கலைக்கழகத்தில் முடிக்கலாம்.

வாஷிங்டனை ஒட்டிய வடக்கு வர்ஜீனியா கம்யூனிட்டி காலேஜைப் பாருங்கள். 1960களின் நடுவில் தொழில்நுட்பக் கல்லூரியாகத் தொடங்கிப் பெயர் மாறியது. அலெக்சாண்ட்ரியா, அனண்டேல், லௌடன், மனாசஸ், உட்பிரிட்ஜ் ஆகிய ஐந்து இடங்களோடு, ஸ்பிரிங்ஃபீல்டில் மருத்துவத் துறைப் படிப்புகளுக்கென்று ஒன்று. பல் சுகாதாரம் படிக்க ஸ்பிரிங்ஃபீல்டுக்கும், கால்நடை மருத்துவ உதவியாளர் பயிற்சிக்கு லௌடனுக்கும் போக வேண்டும். அதிபரின் மனைவியாக வெள்ளை மாளிகையில் இருந்துகொண்டே ஜில் பைடன் ஆங்கிலம் கற்பித்ததும் இந்தக் கல்லூரியில்தான்.

தமிழில் என்ன சொல்வது? சமுதாயக் கல்லூரி என்பது நிலைபெற்றுவிட்டது. புதுவைப் பல்கலைக்கழகம் 1995இல் ஒன்றைத் தொடங்கியது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்தச் சொல்லையே ஆள்கிறது. சமுதாய நலக்கூடம், சமுதாய வானொலி என்று அதற்கு உறவுக்காரச் சொற்களும் இருக்கின்றன. சொல்லும் லேசானதல்ல. சமுதாயம் வடமொழியில் ‘ஒன்று சேர்ந்தது’. தஞ்சைப் பகுதியில் நிலத்தைப் பொதுவில் வைத்திருந்த ஊர்களைச் சமுதாய கிராமம் என்றே பழைய வருவாய் ஆவணங்கள் குறிக்கின்றன. கொம்யூனிஸுக்கு இதைவிடப் பக்கத்தில் வரும் சொல் கிடைக்காது.

ஆனால் அது நேற்றைய பொருள். இன்று சாதிச் சங்கச் சுவரொட்டிகளில் ‘நம் சமுதாயமே, திரண்டு வா’ என்றால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். ‘சமூகக் கல்லூரி’க்கும் இதே கறை. அதனால் நான் ‘வட்டாரக் கல்லூரி’ என்றே எழுதுகிறேன். வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் கிளையோ என்று சிலர் மயங்கலாம். சாதி மயக்கத்துக்கு அது எவ்வளவோ மேல்.

கேம்பஸுக்குச் சிலர் ‘கிளை’ என்று எழுதுகிறார்கள். வங்கிக்குச் சரி, கல்லூரிக்குச் சரியில்லை. கிளை என்றால் தாய்மரம் ஒன்று வேண்டும். வடக்கு வர்ஜீனியாவில் ஆறும் சேர்ந்ததுதான் கல்லூரி. கேம்பஸ் லத்தீனில் வெறும் வயல்வெளி. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரின்ஸ்டனில் அது கல்லூரி மைதானத்துக்குப் பெயரானது. நம் வளாகமோ ‘வளை’யிலிருந்து வருவது, சூழப்பட்ட இடம். புறநானூற்றில் கடல் சூழ்ந்த நிலவுலகமே ஒரு வளாகம். அவ்வளவு பெரிய சொல்லைச் சுற்றுச்சுவருக்குள் கொண்டுவந்துவிட்டோம். இருந்தாலும், வயலைவிட நமக்கு வாய்த்தது நல்ல சொல்.