கல்லு எப்படி சார் சாவும்?

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இப்படிக் கேட்டான். கடல் உயிரியல் படித்த நான், பவளப்பாறை அழிகிறது என்று ஒரு மணி நேரம் படம் போட்டுக் காட்டி முடித்திருந்தேன். அவனுக்குத் தெரிந்த பவளம் ஆச்சி கழுத்தில் கிடக்கும் சிவப்பு மணிதான். அது பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வருவது, பாறை கட்டாத வேறு இனம். உயிர் இருப்பதே தெரியாத ஒன்றைக் காப்பாற்று என்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

அப்புறம் ஓலையை எடுத்தேன். குருத்தோலையை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு முனையை மெல்லிசாகக் கிழித்து, சுருட்டிக் கட்டினால் பவள உயிரி தயார். கிழித்த நுனிகள்தான் இரை பிடிக்கும் கைகள். நிஜத்தில் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். தனக்கடியில் சுண்ணாம்பைச் சுரந்து வீடு கட்டிக்கொள்ளும். நாம் கல் என்பது அந்த வீட்டைத்தான். ஒரு சிப்பித் துண்டில் வினிகர் ஊற்றி நுரைக்கவிட்டால் சுண்ணாம்பு என்பது பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும். இதே சுண்ணாம்புக்காகத்தான் மன்னார் வளைகுடாவில் பாறைகளை வெட்டி எடுத்தார்கள். 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. 2001 முதல் பவளப்பாறையை எடுப்பது சட்டப்படி குற்றம். அதனால் வகுப்புக்கு நிஜப் பவளத் துண்டைக் கொண்டுபோகாதீர்கள். ஓலை போதும்.

அடுத்தது பாசி. பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலில் உணவு சமைத்து, பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுப்பவை அவை. நிறமும் பெரும்பாலும் அவை தருவதுதான். பிள்ளைகள் ஒவ்வொரு ஓலைச் சுருளுக்குள்ளும் பச்சை, பழுப்புப் பாசிமணிகளைப் போட்டுச் சுளகில் நெருக்கமாக அடுக்கினார்கள். மேலிருந்து பார்த்தால் அத்தனை நிறம்.

"சரி, இப்ப சித்திரை வெயில். வழக்கமான கோடைச் சூட்டைவிடக் கடல் ஒரு டிகிரி கூடிடுச்சு, பல வாரமாக் குறையவே இல்லை. பாசியைக் கொட்டுங்க" என்றேன். சுருள்களைக் கவிழ்த்தார்கள். தரையெல்லாம் மணி, சுளகில் வெளுத்த ஓலை. 1998, 2010, 2016 கோடைகளில் நம் கடலில் நடந்தது இதுதான் என்றதும் வகுப்பு அமைதியாகிவிட்டது.

ஒரு பிள்ளை மட்டும் தன் சுருளைக் கவிழ்க்காமல் கைக்குள் பொத்தி வைத்திருந்தாள். "தண்ணி ஆறிட்டுன்னா பாசி திரும்ப வந்துருமா சார்?"

வரும். வெளுத்ததுமே பவளம் செத்துவிடுவதில்லை, பட்டினி கிடக்கிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி மறுபடி குடியேறும், நீடித்தால்தான் சாவு. கலங்கல், குப்பை, மேலே சிக்கிய அறுந்த வலை என்று ஏற்கெனவே நொந்து கிடக்கும் பாறை மீள்வது கடினம். நம் தாமிரபரணியும் புன்னக்காயலில் அந்தக் கடலில்தான் போய்ச் சேர்கிறது.

நான் சொல்லி முடிப்பதற்குள் முதலில் கேள்வி கேட்ட பையன் தரையில் மண்டியிட்டு மணிகளைப் பொறுக்கத் தொடங்கியிருந்தான்.