ஹார்ட் டிஸ்க்கை ஃபிரீசரில் வைக்காதீர்கள்

பழுதான ஹார்ட் டிஸ்க்குகளிலிருந்து கோப்புகளை மீட்டுக் கொடுப்பது என் தொழில். பினாங்கில் என்னைத் தேடி வருபவர்கள் திருமணப் படங்களையோ கோயில் கணக்கையோ தைப்பூசக் காணொளிகளையோ பறிகொடுத்து நிற்பவர்கள். அவர்களில் சிலர், இரவு முழுவதும் டிஸ்க்கை ஃபிரீசரில் வைத்துப் பார்த்ததாகத் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். சூட்டினால் கெட்டது குளிர்ந்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்களாம். மீட்கக்கூடியதையும் பாழாக்குவது இந்த யோசனைதான்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் தரவு பதிந்திருப்பது ஒரு வட்டத் தட்டில். மேசைக் கணினி டிஸ்க்கில் நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டின் விளிம்பு, மணிக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தரவைப் படிக்கும் முனை அதைத் தொடாமல் மேலே மிதக்கிறது. ஐபிஎம் 1956-இல் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் இந்த இடைவெளி சுமார் 20 மைக்ரோமீட்டர். இன்றோ சில நானோமீட்டர்தான். அந்த இடைவெளியைக் கட்டுப்படுத்துவதே வெப்பம். முனைக்குள் இருக்கும் நுண்ணிய சூடேற்றியில் மின்சாரம் பாய்ந்ததும், அதன் நுனி இம்மியளவு புடைத்துத் தட்டை நெருங்குகிறது.

பள்ளியில் படித்த வெப்பக் கடத்தல் விதி அந்த இடுக்கில் அப்படியே செல்லாது. சாதாரண அழுத்தத்தில் ஒரு காற்று மூலக்கூறு மற்றொன்றோடு மோதுமுன் சராசரியாக 65 நானோமீட்டர் பயணிக்கும். இடைவெளியோ அதைவிட மிகக் குறைவு. அதனால் மூலக்கூறுகள் தமக்குள் மோதிக்கொள்ளாமலே முனைக்கும் தட்டுக்கும் இடையே வெப்பத்தைச் சுமக்கின்றன. தட்டில் உள்ள ஒரு சிறு மேட்டில் முனை உரசினாலே போதும். அந்தக் கணநேரச் சூட்டில், முனையில் தரவைப் படிக்கும் உணரியின் மின்தடை மாறி, தரவு பிழையாகப் படிக்கப்படும். வெளியே கையால் தொட்டுப் பார்த்தால் இதில் எதுவும் தெரியாது.

இவ்வளவு நுட்பமான இடத்தில் நீர் புகுந்தால் என்ன ஆகும்? காற்று நிரம்பிய டிஸ்க்குகளில் வடிகட்டியோடு கூடிய ஒரு சுவாசத் துளை உண்டு. ஈரக்காற்று அதன் வழியே உள்ளே போகும். ஃபிரீசரிலிருந்து நம் ஊர்ப் புழுக்கத்துக்கு எடுத்ததும், ஐஸ் தண்ணீர்க் குவளையில் போலத் தட்டின் மேலும் நீர் படியும். அந்த நிலையில் இயக்கினால் முனை நீர்த்துளியில் மோதும். அப்படி வந்தவற்றைத் திறந்தால், கண்ணாடிபோல் இருக்க வேண்டிய தட்டில் வட்ட வட்டமாகக் கீறல். உள் வடிகட்டியில் சாம்பல் நிறத் தூள். அந்தத் தூள்தான் உங்கள் படங்கள் பதிந்திருந்த காந்தப் பூச்சு. அதைத் திரும்ப ஒட்ட யாராலும் முடியாது. ஹீலியம் அடைத்து மூடியவற்றின் உள்ளே ஈரம் புகாது என்றாலும், வெளியே உள்ள மின்சுற்றுப் பலகை நனைந்துபோகும்.

டிக் டிக் என்று சத்தம் கேட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள். மறுபடி மறுபடி இயக்கிப் பார்க்க வேண்டாம். ஏற்கெனவே ஃபிரீசரில் வைத்துவிட்டீர்களா? கேபிளைச் செருகாதீர்கள், முடி உலர்த்தியால் சூடேற்றாதீர்கள், மூடியைக் கழற்றாதீர்கள். அப்படியே கொண்டுவந்து, குளிரில் வைத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். அது தெரிந்தால், உலரவைத்த பிறகுதான் இயக்குவோம்.