நீங்கினாரா, நீக்கினார்களா? வாக்கியத்துக்குள் காணாமல் போகிறவர்கள்

"அவர் பணியிலிருந்து நீங்கினார்." "அவரைப் பணியிலிருந்து நீக்கினார்கள்." வினைச்சொல்லின் நடுவில் ஒரு ‘ங்’ போய் ‘க்’ வந்திருக்கிறது. முதல் வாக்கியத்தில் அவர் தாமாகவே போகிறார், இரண்டாவதில் யாரோ அவரை அனுப்பிவிடுகிறார்கள். தன்வினை, பிறவினை என்று பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு நாம் மறந்துபோன பாடம்தான் இது. திருந்து, திருத்து. அடங்கு, அடக்கு. கூட்டம் கலைந்தது, கூட்டத்தைக் கலைத்தார்கள். பொறுப்பு யாருடையது என்ற பெரிய கேள்வியைத் தமிழ் பல இடங்களில் ஒரே ஒரு மெய்யெழுத்தில் வைத்திருக்கிறது.

செய்திப் பிரதி, நிறுவன அறிக்கை, புத்தகக் கையெழுத்துப்படி என்று பிறர் எழுதியதைச் செப்பம் செய்வது என் தொழில். எழுத்துப்பிழை திருத்துவதைவிட எனக்கு அதிக நேரம் பிடிப்பது இந்த வகை வாக்கியங்கள்தான். ஒற்றுப்பிழை இருந்தால் வாசகரே கண்டுபிடித்துவிடுவார். வாக்கிய அமைப்பில் ஓர் ஆள் மறைந்துபோனால் அப்படிக் கண்ணில் படாது. படித்து முடித்தபின் ஏதோ ஓர் அபிப்பிராயம் மட்டும் மனதில் தங்கியிருக்கும், அது எந்தச் சொல்லிலிருந்து வந்தது என்று நினைவிருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறவர்கள் தெரிந்துவைத்திருந்தால் மட்டும் போதாது, வாசிக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

செயப்பாட்டுவினையைப் பற்றி ஓரளவு எல்லோரும் அறிவோம். "விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது." யாரால்? அந்த ‘ஆல்’ உருபோடு வரவேண்டியவர் வராமலே வாக்கியம் இலக்கணப்படி நிறைவடைந்துவிடும். அதற்காகச் செயப்பாட்டுவினை வந்தாலே குறை சொல்லக் கூடாது. பூட்டை உடைத்தது யாரென்று தெரியாதபோது "பூட்டு உடைக்கப்பட்டிருந்தது" என்று எழுதுவதுதான் நேர்மை. எனக்கு அதைவிடக் கவலை தருபவை வேறு. "கணக்கில் குளறுபடி நடந்துவிட்டது", "பணம் வழங்குவதில் தாமதம் நேர்ந்தது", "தள்ளுமுள்ளு ஏற்பட்டது". நிராகரிக்கப்பட்டது என்றால் நிராகரித்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதாவது புரியும். நேர்ந்தது, ஏற்பட்டது என்று எழுதிவிட்டால் எல்லாம் மழை பெய்ததுபோலத் தானாக நடந்த காரியமாகிவிடுகிறது.

நான் மிக முக்கியமாகக் கருதுவது பெயரெச்சத்தை, அதாவது பெயருக்கு முன்னால் வந்து அதை விவரிக்கும் முடியாத வினையை. "தோல்வியடைந்த திட்டத்தை நிர்வாகம் தொடர்கிறது" என்று ஒரு வரி. இதைப் படிப்பவர்கள் தொடர்வது சரியா தவறா என்று விவாதிப்பார்கள். திட்டம் உண்மையிலேயே தோல்வியடைந்ததா என்று பெரும்பாலும் யாரும் கேட்கமாட்டார்கள். தமிழில் பயனிலை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. எழுதியவர் என்ன சொல்ல வருகிறார், நாம் அதை ஏற்கிறோமா மறுக்கிறோமா என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது. பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வருவதோ, எல்லோரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சங்கதிபோல உள்ளே நுழைந்துவிடுகிறது. சந்தேகமாக இருந்தால் வாக்கியத்தை எதிர்மறையாக்கிப் பாருங்கள்: "தோல்வியடைந்த திட்டத்தை நிர்வாகம் தொடரவில்லை." தொடர்வது மறுக்கப்பட்டுவிட்டது. தோல்வி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். "மருத்துவர்கள் பரிந்துரைக்கும் எங்கள் தைலம், இப்போது புதிய பாட்டிலில்!" அறிவிப்பு பாட்டிலைப் பற்றியது. மருத்துவர்கள் பரிந்துரைத்த விஷயம் அறிவிக்கப்படவே இல்லை, அதனால் யாரும் சான்று கேட்பதும் இல்லை.

குற்றச் செய்திகளில் இதே உத்தி மனிதர்களைக் காயப்படுத்துகிறது. "இரவில் தனியாகச் சென்ற பெண் தாக்கப்பட்டார்." செயப்பாட்டுவினை தாக்கியவரை வாக்கியத்திலிருந்து வெளியேற்றிவிட்டது. பெயரெச்சம் அந்தப் பெண்ணின் நடமாட்டத்தை முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டது. வாக்கியத்தில் எஞ்சியிருப்பவர் அவர் ஒருவரே, எனவே படிப்பவர் காரணம் தேடுவதும் அவரிடம்தான். இத்தகைய வரி வந்தால் நான் பிரித்துப்போடச் சொல்வேன்: "அடையாளம் தெரியாத ஒருவர் அந்தப் பெண்ணைத் தாக்கினார். சம்பவம் இரவு 10 மணிக்கு நடந்தது." நேரம் தேவையான தகவல், அதை நீக்க வேண்டியதில்லை. அது அவர்மேல் ஒட்டாமல் தனியாக நின்றால் போதும்.

இன்னொரு வினையில் போய் முடியும் வினையெச்சத்தின் வேலை இன்னும் நுட்பமானது. கதையில் அது எவ்வளவு அழகாக உழைக்கும் என்று பாருங்கள்: "கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, செருப்பைக் கழற்றி, கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, ஒவ்வோர் அறையாகப் பார்த்துக்கொண்டே போனாள். குழந்தை இல்லை." எச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரவர, வாக்கியத்தை முடிக்கும் முற்றுவினைக்காக வாசகர் காத்துக்கொண்டே போகிறார். அந்த நீளம்தான் பின்னால் வரும் இரண்டு சொல் வாக்கியத்துக்குக் கனம் தருகிறது. இதையே நான்கைந்து குட்டி வாக்கியங்களாக உடைத்தால் பதற்றம் போய்விடும், வெறும் பட்டியல்தான் மிஞ்சும்.

இதே வினையெச்சம் ஒரு வாட்ஸ்அப் தகவலில் வரும்போது கதை வேறு. "முதியவர் தடுப்பூசி போட்டுக்கொண்டு வீடு திரும்பி உயிரிழந்தார்." ‘செய்து’ என்ற வடிவில் வரும் வினையெச்சம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததையும் காட்டும், ஒன்றனால் ஒன்று நடந்ததையும் காட்டும். "மருந்து குடித்துப் பிழைத்தான்" என்றால் காரணம். "மருந்து குடித்துப் படுத்தான்" என்றால் வரிசை. தடுப்பூசி வாக்கியத்தில் எது? எழுதியவர் சொல்லவில்லை. படிக்கிறவர் மனம் காரணத்தை எடுத்துக்கொள்கிறது. நாளை யாராவது கேட்டால், "ஊசியால்தான் இறந்தார் என்று நான் எங்கே எழுதினேன்?" என்று எழுதியவர் கைகழுவிவிடலாம். கதை வாசகர் சொல்லாமல் விட்டதை நிரப்பிக்கொள்ளத் தயாராகவே வருகிறார். செய்தி வாசிப்பவர் அப்படி வருவதில்லை, அவருக்கு நடந்தது தெரிய வேண்டும். "அதன் பிறகு" என்றோ "அதன் காரணமாக" என்றோ எழுத வைத்துப் பாருங்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது சான்று வேண்டியிருக்கும்.

ஓ, ஏ, உம், தான் போன்ற இடைச்சொற்களின் வலிமைக்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைவிடச் சிறந்த சாட்சி எனக்குத் தெரியவில்லை. தவறு தன்னுடையது என்று உணர்ந்த பாண்டியன் "யானோ அரசன் யானே கள்வன்" என்கிறான். நான்கே சொற்கள். ஓகாரம் அரச பதவியை மறுக்கிறது, ஏகாரம் குற்றத்தை உறுதி செய்கிறது. ஒரு மன்னன் தனக்குத்தானே அளித்த தீர்ப்பு முழுவதும் இரண்டு உயிரெழுத்துகளில் நிற்கிறது. அந்த வலிமை நம் அன்றாட உரைநடையிலும் இருக்கிறது. "அவர் நேர்மையானவர்" என்பது ஒன்று. "அவர் நேர்மையானவர்தான்" என்று எழுதினால் படிப்பவர் காதுக்கு அடுத்து ஓர் ‘ஆனால்’ கேட்கத் தொடங்கிவிடும். ‘உம்’ என்னும் இடைச்சொல்லுக்கு நன்னூல் என்னும் இலக்கண நூல் எட்டுப் பொருள் சொல்கிறது. "பெண்ணாக இருந்தும் நிர்வாகத்தில் சாதித்தார்" என்ற வரியில், பெண்ணால் முடியாது என்ற எதிர்பார்ப்பு முழுவதும் அந்த ஓர் ‘உம்’மில் இருக்கிறது. "நிர்வாகத்தில் சாதித்தார்" என்று எழுதினால் பாராட்டில் எள்ளளவும் குறையாது.

ஒருவர் பேசியதை எழுதும் வினைகளையும் கவனியுங்கள். சுட்டிக்காட்டினார் என்றால் அவர் சொன்னது உண்மை என்று நாமும் சேர்ந்து சொல்கிறோம். ஒப்புக்கொண்டார் என்றால் முன்பே ஒரு தவறு இருந்தது என்றாகிறது. மழுப்பினார் என்பது தீர்ப்பு. ‘சொன்னார்’ திரும்பத் திரும்ப வருகிறதே என்று பல எழுத்தாளர்கள் சங்கடப்படுகிறார்கள். வரட்டும். அது யாருக்கும் அநியாயம் செய்யாத சொல்.

இனி, தமிழில் கவனிக்க வேண்டிய இன்னொன்று. வினைமுற்றின் விகுதி, அதாவது வினையின் கடைசியில் வரும் ஆர், ஆன், ஆள். "அதிகாரி வந்தார், காவலாளி வந்தான்" என்று ஒரே பத்தியில் எழுதுகிறோம். மருத்துவர் சொன்னார், வீட்டு வேலை செய்பவள் சொன்னாள். எழுதியவரைக் கேட்டால் வேண்டுமென்றே செய்யவில்லை என்பார், அது உண்மையாகவே இருக்கும். ஆனால் எழுத்துத் தமிழில் வயது வந்த ஒருவரைக் குறிப்பிடும் இயல்பான வடிவம் ‘ஆர்’ விகுதிதான். அதை ஒருவருக்குத் தந்து இன்னொருவருக்கு மறுக்கும்போது அவர்களுடைய தராதரத்தை நாம் நிர்ணயிக்கிறோம். குற்றச் செய்திகளில் பிடிபட்டவர் உடனே ‘ஆன்’ ஆகிவிடுகிறார்: தப்பி ஓடினான், சிக்கினான், கைது செய்யப்பட்டான். வழக்கு நீதிமன்றத்துக்கே போயிருக்காது, வினைமுற்று தண்டித்து முடித்திருக்கும்.

"குற்றவாளிக்கு மரியாதை தரச் சொல்கிறீர்களா?" என்று செய்தியாளர்கள் என்னிடம் வாதாடுவதுண்டு. கோபம் புரிகிறது, சில செய்திகளைப் படிக்கும்போது எனக்கும் அந்தக் கோபம் வரும். ஆனால் கைதான எல்லோரும் குற்றவாளிகள் இல்லை. நிரபராதி என்று தீர்ப்பு வந்து ஒருவர் வெளியே வந்தாலும், இணையத்தில் கிடக்கும் பழைய செய்தியில் அவர் ‘ஆன்’ ஆகவே இருப்பார், அவர் பெயரைத் தேடுகிறவர்கள் கண்ணில் அதுதான் படும். அதனால் என் கைக்கு வரும் பிரதியில், வயது வந்தவர் என்றால், அவர்மேல் எந்தப் புகார் இருந்தாலும் ‘ஆர்’ போட்டே அனுப்புகிறேன்.