செவ்வாயின் காற்றுக்குச் சென்னையில் எடைக்கல்

சென்னையில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்கு வாக்கில் தாழ்வு. இடையே 3 ஹெக்டோபாஸ்கல் (ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது 100 பாஸ்கல்) அளவுக்கு வித்தியாசம் வரும். அழுத்த சென்சார் உள்ள போனில் நீங்களே பார்க்கலாம். இங்குள்ள சுமார் 1010-ல் அது சொற்பம். செவ்வாயிலோ மொத்தக் காற்றழுத்தமே 6, 7 ஹெக்டோபாஸ்கல்தான். அங்கே தூசிச் சுழல் ஒன்று ஆய்வு ஊர்தியைக் கடந்தால் அது ஓரிரு பாஸ்கல் குறையும், அதாவது ஹெக்டோபாஸ்கலில் நூறில் ஒன்றிரண்டு பங்கு.

செவ்வாயில் உள்ள நாசாவின் கியூரியாசிட்டி, பெர்சிவரன்ஸ் ஊர்திகளில் இதை அளக்கும் கருவி பின்லாந்து வானிலை நிறுவனம் தயாரித்தது. உள்ளே மிருதங்கத் தோல் போல இழுத்துக் கட்டிய மெல்லிய சிலிக்கான் தகடு, அதன் ஒரு பக்கம் மூடிய வெற்றிடம். மறுபக்கம் காற்று அழுத்தினால் தகடு வளையும், அதனால் மின்தேக்குத்திறன் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் திறன்) மாறும். அந்த மாற்றம் எத்தனை பாஸ்கல் என்பது சென்சாருக்குத் தெரியாது. நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

அதற்கு வெற்றிட அறையில் சென்சாரை வைத்து, துல்லியமாகத் தெரிந்த அழுத்தத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை விடுகிறார்கள். குளிரில் ஒரு சுற்று, வெப்பத்தில் ஒரு சுற்று. வெப்பநிலை மாறினால் அளவும் நகர்ந்துவிடும் என்பதால் இதில் சோம்பல் கூடாது.

சரி, அந்த அழுத்தம் துல்லியமாக எப்படித் தெரிந்தது? பரப்பளவு தெரிந்த பிஸ்டனை வாயு தள்ளும் விசையை ஒரு தராசு அளக்கிறது. விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். தராசைச் சரிபார்ப்பது எடைக்கல்லை வைத்து. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கல் எவ்வளவு விசையோடு அழுத்தும் என்பது ஊரைப் பொறுத்தது. பாடப்புத்தகத்தின் ஈர்ப்பு முடுக்கம் 9.80665 மீ/வி². பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் சென்னையில் சுமார் 9.783. வித்தியாசம் 0.24 சதவீதம். இங்கே ஒரு ஆய்வகம் பாடப்புத்தக எண்ணையே போட்டால், 700 பாஸ்கலில் 1.7 பாஸ்கல் பிழை. ஒரு தூசிச் சுழலே அதற்குள் மறைந்துவிடும்!

ஏவும்போது வரும் அதிர்விலும், ஆண்டுகள் ஓட ஓடவும் சென்சார் காட்டும் அளவு நகரும். வழியில், விண்வெளியின் வெற்றிடத்தில் கருவியை இயக்கினால் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, அப்புறம் வரும் அளவுகளில் கழிக்கலாம். 1976-ல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் எடுத்த அளவுகளோடு இன்றையதை வைத்து அங்குள்ள துருவப் பனி கரைகிறதா என்று கேட்கும்போது, மாறியது காற்றா, கருவியா என்று பிரிக்க உதவுவது இந்தக் கணக்குதான்.