கால்சியத்தோடு குடலுக்குள் செல்பவை

நூறு கிராம் ராகியில் ஏறத்தாழ 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராமைக்கூடத் தொடுவதில்லை. ஆனால் களியிலுள்ள கால்சியம் முழுவதும் எலும்புக்குப் போய்விடுவதில்லை. வளர்ந்தவர்களின் குடல், உணவிலுள்ள கால்சியத்தில் பொதுவாகக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரையே ஏற்றுக்கொள்கிறது. எஞ்சியது வெளியேறிவிடுகிறது. அந்தப் பங்கு எவ்வளவு என்பதை வயதும் வைட்டமின் டி-யும் மட்டுமல்லாமல், உடன் வரும் பிற தாதுக்களும் தீர்மானிக்கின்றன.

கால்சியம் குடற்சுவரைக் கடக்க இரண்டு வழிகள் உள்ளன. முன்சிறுகுடலில், வைட்டமின் டி-யின் தூண்டுதலால் உருவாகும் புரதங்கள் அதைச் செல்லுக்குள் இழுத்து, ஏந்திச் சென்று, ஆற்றலைச் செலவழித்து மறுபுறம் இரத்தத்தில் சேர்க்கின்றன. உணவில் கால்சியம் குறையும்போது உடல் இந்த வழியை முடுக்கிவிடுகிறது. அதற்குக் கீழேயுள்ள பகுதிகளில், செல்களின் இடுக்குகள் வழியாக அது தானாகவே கசிந்து செல்கிறது. எவ்வழியாயினும், கால்சியம் கரைந்த நிலையில் இருந்தால்தான் உள்ளே போக முடியும். வேறொன்றோடு சேர்ந்து கரையாத உப்பாகிவிட்டால் குடலுக்கு அது பயனற்றது.

தானியங்கள் தங்கள் பாஸ்பரஸைப் பெரும்பாலும் பைட்டிக் அமிலமாகச் சேமித்து வைக்கின்றன. இது கால்சியத்தையும் இரும்பையும் துத்தநாகத்தையும் பற்றிக்கொள்ளும். ராகியை ஊறவைத்து முளைகட்டும்போதும், கூழை இரவு முழுவதும் புளிக்கவிடும்போதும், பைட்டேஸ் என்னும் நொதி அந்த அமிலத்தைச் சிதைக்கிறது. ஆகவே புளித்த கூழுக்கு நம் வீடுகளில் இருக்கும் மதிப்பு வேதியியல் நோக்கிலும் முற்றிலும் நியாயமானது.

மக்னீசியத்தின் பங்கு வேறு வகையானது. அது மிகவும் குறைந்துபோனால், இரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன் குறைகிறது, வைட்டமின் டி செயல்வடிவம் பெறுவதும் தடைப்படுகிறது. அந்நிலையில் கால்சியம் மட்டும் கொடுத்துப் பயனில்லை, மக்னீசியத்தை முதலில் சரிசெய்தாக வேண்டும். சமையல் உப்பிலுள்ள சோடியமோ குடலில் பெரிதாகத் தலையிடுவதில்லை, சிறுநீர் வழியாகக் கால்சியத்தைக் கூடுதலாக வெளியேற்றுகிறது. இரும்பைப் பொறுத்தவரை தடை எதிர்த்திசையில் நிகழ்கிறது: கால்சியம்தான் இரும்பை உள்ளே விடாமல் குறைக்கிறது. கர்ப்பிணிகள் இரண்டு மாத்திரைகளையும் வெவ்வேறு வேளைகளில் விழுங்க வேண்டும் என்று செவிலியர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

கொங்கு நாட்டில் உணவோடு தண்ணீரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது; ஆழ்துளைக் கிணறுகளின் உப்புத் தண்ணீரிலோ கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. அந்தக் கால்சியத்தைக் குடல் பாலிலுள்ளதற்கு இணையாக ஏற்றுக்கொள்கிறது. ஆர்.ஓ. இயந்திரம் இவ்விரண்டையும் பெருமளவு நீக்கிவிடுகிறது.

கவலை தருவது ஃபுளோரைடு. கொங்கின் வடகிழக்கிலுள்ள தருமபுரிப் பகுதியில், பாறைகளிலிருந்து கசியும் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் பல இடங்களில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைக் கடக்கிறது. பல்லில் பழுப்புக் கறையும், நாளடைவில் மூட்டு இறுக்கமும் எலும்புக் கோணலும் அதன் விளைவுகள். ஃபுளோரைடும் கால்சியமும் சந்தித்தால் எளிதில் கரையாத கால்சியம் ஃபுளோரைடு உருவாகும். நிலத்தடியிலும் இதுவே நடப்பதால், கால்சியம் குறைந்த நீரில்தான் ஃபுளோரைடு அதிகமாகத் தங்குகிறது. வயிற்றிலும் அதே வினைதான்: வெறும் வயிற்றில் குடித்த நீரின் ஃபுளோரைடு ஏறக்குறைய முழுவதும் இரத்தத்தில் கலக்கிறது, பாலோ தயிரோ உடனிருந்தால் அதில் ஒரு பகுதி கட்டுண்டு வெளியேறுகிறது, அந்த அளவுக்குக் கால்சியமும் செலவாகிறது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரை அங்கே கொண்டுசெல்வது இந்த நோயைத் தணிக்கவே, அதுவே சரியான தீர்வும் ஆகும். இன்னும் கிணற்றை நம்பியிருக்கும் வீடுகளில், வளரும் பிள்ளைகளுக்குக் களியோடு மோரோ தயிரோ ஒவ்வொரு வேளையும் கிடைப்பது மற்ற ஊர்களைவிட அவசியமானது. ஏனெனில் அவர்களின் கால்சியம் எலும்பை வளர்ப்பதோடு, ஃபுளோரைடைத் தடுத்து நிறுத்தும் வேலையையும் செய்ய வேண்டியிருக்கிறது.