வண்டல் மண்ணில் எழுந்த ஷாங்காய்

ஷாங்காயில் பாறையைத் தொட ஏறக்குறைய 300 மீட்டர் தோண்ட வேண்டும். அதுவரை ஆறும் கடலும் படியவைத்த மணலும் களிமண்ணும்தான். 632 மீட்டர் உயர ஷாங்காய் கோபுரம்கூடப் பாறையில் ஊன்றி நிற்கவில்லை. மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய நூற்றுக்கணக்கான கான்கிரீட் தூண்களை, சுற்றியுள்ள மண்ணே இறுகப் பிடித்துத் தாங்குகிறது.

இப்படிப்பட்ட நிலத்தில் பெருநகரம் எழக் காரணம் யாங்சே ஆறு. பிரிட்டனுடன் நடந்த அபினிப் போருக்குப் பின் 1842இல் நான்ஜிங் ஒப்பந்தம் ஷாங்காயை வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிட்டது. உள்நாட்டின் பட்டும் தேயிலையும் ஆற்றோடு வந்து இங்கே கப்பலேறின. அப்புறம் பஞ்சாலைகள் பெருகின. கோடையில் ஆலைகளைக் குளிர்விக்க நிலத்தடி நீரை உறிஞ்சத் தொடங்கினார்கள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. மண் துகள்களுக்கு இடையே இருக்கும் நீரின் அழுத்தம், மேலிருக்கும் சுமையில் ஒரு பங்கைத் தாங்குகிறது. நீரை எடுத்தால் அந்தப் பங்கும் துகள்கள் மேல் இறங்கும், களிமண் நசுங்கும். 1921 முதல் 1965 வரை நகரின் மையப் பகுதி சராசரியாக 1.7 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது.

1960களில் கண்டுபிடித்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. நீர் எடுப்பதைக் குறைத்ததோடு, குளிர்காலத்தில் குளிர்ந்த நீரை அதே கிணறுகள் வழியே பூமிக்குள் செலுத்தினார்கள். கோடையில் அதையே எடுத்து ஆலைகளைக் குளிர்வித்தார்கள். நிலம் தாழ்வது வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் நசுங்கிய களிமண் பழைய உயரத்துக்குத் திரும்பாது. அதனால்தான் நகரின் நடுவே ஓடும் ஹுவாங்பு ஆற்றின் கரையில் வெள்ளத் தடுப்புச் சுவர்கள் தேவைப்படுகின்றன. புகழ்பெற்ற பண்ட் நடைபாதையே அப்படியொரு சுவரின் மேல்தான் இருக்கிறது.

வண்டல் துறைமுகத்தையும் விடவில்லை. யாங்சே முகத்துவாரத்தில் தூர்வாரி, நீரோட்டத்தை நெறிப்படுத்தும் சுவர்கள் கட்டி, 2010க்குள் கப்பல் வழியை 12.5 மீட்டர் ஆழமாக்கினார்கள். முழுச் சுமையேற்றிய பெரிய கன்டெய்னர் கப்பலோ 16 மீட்டர்வரை நீருக்குள் அமிழும். சரி, ஆழத்தைத் தேடிக் கடலுக்கே போவோம் என்று யாங்ஷான் தீவுகளில் துறைமுகம் கட்டி, 32.5 கிலோமீட்டர் நீளமுள்ள டோங்ஹாய் பாலத்தால் கரையோடு இணைத்தார்கள். 2005இல் அது திறக்கப்பட்டது. 2010 முதல் உலகிலேயே அதிகக் கன்டெய்னர்களைக் கையாளும் துறைமுகம் ஷாங்காய்தான். 2024இல் அந்த எண்ணிக்கை, 20 அடிப் பெட்டிக் கணக்கில், 5 கோடியைத் தாண்டியது.